இழை: நிட், பர்ல், ரிப் – தமிழில் என்ன?

மா. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். கம்பளி நூல் பின்னல் புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்), ஊசி, வரிசை எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. மாட்டிக்கொண்டது மூன்று சொல்லில்: நிட், பர்ல், ரிப்.

பின்னிப் பழக்கமில்லாதவர்களுக்காக: நூலைப் பின்னால் வைத்து, வலது ஊசியைக் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாகச் செலுத்தி நூலை இழுத்தால் நிட். நம் பக்கம் வழவழப்பாக, ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி தெரியும். நூலை முன்னால் கொண்டுவந்து, ஊசியைப் பின்னிருந்து முன்னாகச் செலுத்தினால் பர்ல். நம் பக்கம் சின்னப் புடைப்பு விழும். ஒன்றின் முதுகுதான் மற்றது. வரிசை முழுக்க இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று போய், திருப்பிய பிறகும் நிட்டாகத் தெரிவதன் மேல் நிட், பர்லாகத் தெரிவதன் மேல் பர்ல் போட்டால் அது ரிப். நிட் மேடாகவும் பர்ல் பள்ளமாகவும் நிற்கும். துணி அகலவாக்கில் நன்றாக இழுபட்டுத் திரும்பச் சுருங்கும். ஸ்வெட்டரின் கழுத்தும் கைமுனையும் இதனால்தான் உடம்பைப் பிடித்துக்கொள்கின்றன.

சுருக்கக் குறியும் வேண்டும். முதல் எழுத்துகள் மோதக் கூடாது.

த. எழுதியது:

முன்கண்ணி, பின்கண்ணி. மு2, பி2. முடிந்தது.

மா. எழுதியது:

முடியவில்லை ஐயா. முன் என்றால் எதற்கு முன்? பர்லில் நூல் முன்னால் நிற்கிறது, ஊசி பின்னாலிருந்து வருகிறது. புதியவர்கள் தடுமாறுவதே இந்த இடத்தில்தான். நிட்டிலிருந்து பர்லுக்குப் போகும்போது இரண்டு ஊசிக்கும் நடுவே நூலை முன்னால் கொண்டுவர மறந்தால், நூல் ஊசியின் மேல் ஏறிக்கொள்ளும். அடுத்த வரிசையில் ஒரு கண்ணி கூடிவிடும், துணியில் ஓட்டையும் விழும். அங்கே போய் ‘பின்’ என்று எழுதினால் நூலைப் பின்னால்தான் வைப்பார்கள். அப்புறம், ‘பின்கண்ணி’யை வினைத்தொகையாகவும் படிக்கலாமே: பின்னிய கண்ணி, பின்னுகின்ற கண்ணி, பின்னும் கண்ணி. நிட்டும் அதுதானே?

சொ. எழுதியது:

நேர், மறி. நே2, ம2. மறித்தல் என்றால் திருப்புதல். மறு, மாறு, மறி எல்லாம் ஒரு வேரில் கிளைத்தவை. இன்னொன்றும் கவனியுங்கள்: தொல்காப்பிய மரபியலில் ஆட்டின் குட்டிக்கு மறி என்று பெயர். கம்பளி எங்கிருந்து வருகிறது? சொல் தானாக வந்து ஊசியில் உட்காருகிறது.

இ. எழுதியது:

மான்குட்டிக்கும் மறி உண்டு ஐயா, மானிலிருந்து எந்த நூலும் வரவில்லை. ‘இரண்டு கண்ணியை மறி’ என்று படித்தால் எனக்குச் சாலை மறியல்தான் நினைவுக்கு வருகிறது. பின்னுகிறவர்கள் நிட், பர்ல் என்றுதான் சொல்கிறார்கள், விட்டுவிடுங்கள். தொல்காப்பியரே சொல்லிவிட்டார்: ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, காலத்தோடு வந்த சொல்லைத் தள்ள வேண்டியதில்லை.

சொ. எழுதியது:

அந்த நூற்பாவை இந்தக் குழுவில் எத்தனை பேர் எத்தனை தடவைதான் அடைக்கலமாகப் பிடிப்பீர்கள்? ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடவெழுத்தை நீக்கி எடு என்று அதே ஆசிரியர் சொன்னது மட்டும் கண்ணில் படாது. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது, ஆகவே ‘நிட்’ ஆகாது. ‘பர்ல்’ இரண்டு மெய்யில் முடிகிறது, அது அதைவிட மோசம். எடுத்தே தீருவேன் என்றால் நிட்டு, பருல் என்று திரித்தாவது எடுங்கள்.

க. எழுதியது:

பருல் வரை வந்துவிட்டீர்கள், இன்னும் ஒரே எட்டுத்தான்: பரல். சிலம்புக்குள் கிடக்கும் மணி. பர்ல் வரிசையைத் தடவிப் பாருங்கள், பரல் பரலாகத்தான் கையில் இடறும். ஒலியும் ஒத்துவருகிறது, பொருளும் ஒத்துவருகிறது.

த. எழுதியது:

அழகு. ஆனால் வழக்குரை காதையில் கண்ணகி சொல்வது ‘மணியுடை அரியே’, பாண்டியன் சொல்வது ‘முத்துடை அரியே’. அங்கே இருப்பது அரி. அதற்குப் பரல் என்று பொருள் சொல்பவர்கள் உரைகாரர்கள். ஆகவே அரிக்கண்ணி என்றால் மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

இ. எழுதியது:

அரி என்றால் சிங்கம், திருமால், அரித்தல். கம்பளியை ஏற்கெனவே பூச்சி அரிக்கிறது, போதும்.

மா. எழுதியது:

நாளை வியாழன். ரிப்புக்கு யாராவது வாய் திறங்களேன். ‘வரிப்பின்னல்’ வேண்டாம், வரிசையோடு குழம்பும், நிறம் மாறும் கோடு என்றும் நினைப்பார்கள்.

க. எழுதியது:

கொசுவப் பின்னல்? கொசுவம் மாதிரியே சுருங்கி விரிகிறது.

மா. எழுதியது:

கொசுவத்தில் மடிப்பு உண்டு. இதில் துணி எங்கும் மடியவில்லை, கண்ணிகள்தான் முன்னும் பின்னுமாக ஒதுங்குகின்றன. மடித்துத் தைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவார்கள்.

த. எழுதியது:

ரிப் என்றால் ஆங்கிலத்தில் விலா எலும்பு. விலாப் பின்னல் என்று நேராகச் சொல்லிவிடலாமே?

இ. எழுதியது:

விலாவில் போடும் பின்னல் என்று எடுத்துக்கொண்டு அக்குளுக்குக் கீழே போடுவார்கள்.

சொ. எழுதியது:

சால் பின்னல். ஏர் போன தடம் சால். சாலும் மேடும் மாறி மாறி வருவது உழுத நிலத்தில் மட்டுமல்ல, இந்தத் துணியிலும்தான். ‘சால உறு தவ நனி’ என்ற உரிச்சொல்லையும் சேர்த்துப் பாருங்கள்: சால் என்பது நிறைவு, அதிலிருந்து சால்பு, சான்றோர்...

(சான்றோர் பற்றி வந்த ஆறு மடல்களை மட்டுறுத்துநர் தனி இழைக்கு மாற்றியிருக்கிறார்.)

மா. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேரமில்லாததால் நானே முடிவெடுத்துவிட்டேன். நிட்: நேர்க்கண்ணி, நே. பர்ல்: பரல்கண்ணி, ப. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் நிட், பர்ல் என்பதையும் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். ரிப்புக்கு ‘மேடுபள்ளப் பின்னல்’. நீளம்தான், ஆனால் துணியைக் காட்டினால் விளக்கம் தேவைப்படாது. முதல் பயிற்சி இப்படிப் போகிறது:

‘20 கண்ணி ஏற்றவும். எல்லா வரிசையும்: நே2, ப2, கடைசி வரை. கடைசியில் போட்ட ப2, திருப்பியதும் எதிரே நேராகத் தெரியும். ஆகவே மறுபடி நே2 என்றே தொடங்கவும். ப போடுமுன் நூல் முன்னால், நே போடுமுன் நூல் பின்னால்.’

க. எழுதியது:

எனக்குச் சம்மதம்.

த. எழுதியது:

அரிதான் சரி. இருந்தாலும் சம்மதம்.

சொ. எழுதியது:

பரல் என்பது வேட்டி கட்டிக்கொண்ட பர்ல். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘மேடுபள்ளம்’ சாலைத்துறை அறிக்கைச் சொல்.

இ. எழுதியது:

எல்லாம் சரி, ‘கண்ணி ஏற்றவும்’ எப்போது முடிவாயிற்று? அதற்கு இழையே ஓடவில்லையே?