அப்பாவின் ஸ்கூட்டருக்கு 97 கிலோமீட்டர் வேக சலான், படத்தில் இருப்பது கார்: என்ன செய்வது? (பெங்களூரு)

பானஸ்வாடி மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அவசரமாக உதவி வேண்டும்.

அப்பா பேரில் ஒரு 110 சிசி ஸ்கூட்டர் இருக்கிறது, கஸ்தூரிநகர் ஆர்டிஓ, கேஏ 03 நம்பர். 19-ம் தேதி அவர் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. 3-ம் தேதி நள்ளிரவு 1.52 மணிக்கு ஏர்போர்ட் ரோட்டில், 80 வரம்புள்ள இடத்தில் 97-ல் போனதாக ஓவர் ஸ்பீட் சலான், ஃபைன் 1000 ரூபாய். அப்பாவுக்கு வயது 68. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு இருட்டினால் வண்டியைத் தொடுவதே இல்லை. அந்த ஸ்கூட்டர் 80-ஐக்கூடத் தொட்டதில்லை.

சலானைத் திறந்தால் படத்தில் ஒரு வெள்ளைக் காரின் பின்பக்கம். ஆனால் கீழே அப்பா பெயர், சேஸிஸ் நம்பரின் (வண்டிச் சட்டத்தில் பொறித்த எண்) கடைசி இலக்கங்கள் எல்லாம் எங்களுடையவை. பெயரில் மட்டும் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது.

எனக்கு மூன்று சந்தேகம். சேஸிஸ் நம்பர் வரை சரியாக இருப்பதால் நாம் சொல்வதை நம்புவார்களா? பெயர் தப்பாக இருப்பதால் சலான் தானாகவே செல்லாமல் போகுமா? அப்பா சொல்வதுபோல் ஆயிரத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? அவர் நாற்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறார், ஒரு ஃபைன்கூட வாங்கியதில்லை. மெசேஜ் வந்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

ஹலசூர் வாசி:
முதலில் மெசேஜே உண்மையா என்று பாருங்கள். சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைல் (போனில் ஆப் நிறுவும் ஃபைல்) அனுப்பி பேங்க் கணக்கைக் காலி செய்யும் கும்பல் இருக்கிறது. லிங்க்கைத் தொடாமல், நீங்களே அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்குப் போய் வண்டி நம்பர் போட்டுப் பாருங்கள். தளத்தின் முகவரி 'gov.in' என்று முடிய வேண்டும்.

பானஸ்வாடி மகள்:
பார்த்தேன் சார். தளத்திலும் அதே சலான், அதே படம். உண்மைதான்.

டாடா ஏஸ் அண்ணன்:
தங்கச்சி, நான் ராமமூர்த்தி நகர்ல லோடு வண்டி ஓட்டுறேன். இந்த மாதிரி விஷயத்துக்கு நான் அலைஞ்சிருக்கேன். ஒரு நாள் வாடகை போச்சுன்னா எனக்கு ஆயிரத்துக்கு மேல நஷ்டம். அதனால ரெண்டு தடவை என் தப்பு இல்லாததையும் கட்டிட்டேன். அப்பாவுக்கு மனசு கஷ்டம்னா கட்டிட்டு விட்ரும்மா. இல்லன்னா லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) வரும்போது குறைச்சுக் கட்டலாம். 2023 பிப்ரவரியில பாதி ஃபைன் தள்ளுபடி குடுத்தாங்களே, அந்த மாதிரி மறுபடி வந்தாலும் வரும்.

கோர்ட் வாசல் குமாஸ்தா:
அண்ணன் சொல்வதில் இருக்கும் அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த வழக்கில் கட்ட வேண்டாம் அம்மா. சலானைக் கட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 200-வது பிரிவின்படி குற்றத்தைச் சமரசமாக முடித்துக்கொண்டதாக ஆகும். தள்ளுபடியும் லோக் அதாலத்தும் வண்டி நம்முடையதாக இருந்து, பணம் மட்டும் பாரமாக இருப்பவர்களுக்கு. உங்கள் விஷயத்தில் வண்டியே வேறு. அந்தக் கார் அதே ரோட்டில் தினமும் போகிற கார் என்றால் அடுத்த மாதமும் உங்கள் அப்பாவுக்கே சலான் வரும். முதல் சலானைக் கட்டியிருந்தால், இரண்டாவதை மறுக்கும்போது "போன தடவை ஏன் கட்டினீர்கள்?" என்று கேட்பார்கள்.

சேஸிஸ் நம்பரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கேமரா சேஸிஸைப் பார்ப்பதில்லை, நம்பர் பிளேட்டை மட்டுமே படிக்கிறது. படித்த நம்பரைப் போட்டதும் வாஹன் என்ற அரசு வாகனப் பதிவேட்டிலிருந்து உரிமையாளர் பெயர், முகவரி, சேஸிஸ், எஞ்சின் எல்லாம் தானாக வந்து உட்காரும். நம்பரில் ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டால், மீதி அத்தனையும் உங்கள் வீட்டு விவரமாகச் சரியாகத்தான் இருக்கும்.

பெயர்ப் பிழையால் சலான் செல்லாமல் போகாது. ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள், அதிலேயே அந்த எழுத்து விட்டுப்போயிருக்கும். மனுவில் பெயர்ப் பிழையை முன்னால் வைத்தால் படிப்பவர் அதைத் திருத்திவிட்டுச் சலானை அப்படியே வைத்துவிடுவார். "படத்தில் இருப்பது கார், என் வண்டி ஸ்கூட்டர்" என்ற ஒன்றுதான் முதல் வரியில் இருக்க வேண்டும்.

ஹலசூர் வாசி:
படத்தைப் பெரிதாக்கி பிளேட்டில் கேஏ 03-க்கு அடுத்து இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். நம் ஊரில் கார்களுக்குப் பெரும்பாலும் 'எம்'மில் தொடங்கும் வரிசை, டூவீலருக்கு 'எச்', 'ஜே' போன்ற வரிசை. ராத்திரிப் படத்தில் 'எம்' எழுத்து 'எச்' மாதிரித் தெரிய வாய்ப்பு அதிகம்.

பானஸ்வாடி மகள்:
சார், நீங்கள் சொன்னதுதான்! லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் வண்டியில் 'எச்'. காரில் இருப்பது 'எம்', நடுவில் ஹெட்லைட் வெளிச்சம் பட்டு மங்கியிருக்கிறது. நாலு இலக்கமும் ஒன்றே. பெயர் விஷயத்திலும் குமாஸ்தா சார் சொன்னது சரி, ஆர்.சி.யிலேயே அந்தப் பிழை இருக்கிறது. பத்து வருஷமாக யாரும் கவனிக்கவில்லை.

'எம்' நம்பரைப் போட்டு யார் கார் என்று தேடட்டுமா?

கோர்ட் வாசல் குமாஸ்தா:
அது கார்தானா என்பதை மட்டும் எம்பரிவாகன் ஆப்பில் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உரிமையாளரைத் தேடிப் போகாதீர்கள், அந்த நம்பரை இங்கேயும் போடாதீர்கள். அது போலீஸ் வேலை.

இப்போது வேலைக்கு வருவோம். முதலில் சலான் படத்தை இன்றே டவுன்லோடு செய்து வையுங்கள். அபார்ட்மென்ட்டில் சிசிடிவி இருந்தால் செயலாளரிடம் 2-ம் தேதி இரவு, 3-ம் தேதி விடியற்காலைப் பதிவைக் கேளுங்கள். பழைய பதிவு மேலேயே புதியது எழுதிக்கொண்டே போகும், அதனால் கேட்க வேண்டிய முதல் ஆள் அவர்தான். அது கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை. ஆர்.சி.யில் வாகன வகை என்ற இடத்தில் ஸ்கூட்டர் என்று இருக்கிறது, சலான் படத்தில் நாலு சக்கரம் இருக்கிறது. இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஸ்கூட்டரை முன்னும் பின்னும் நம்பர் பிளேட் தெரியப் பகலில் படம் எடுங்கள். எச்.எஸ்.ஆர்.பி. (உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்) போட்டாயிற்றா? அதில் லேசரில் பொறித்த எண்ணும் படத்தில் விழட்டும்.

சலான் தளத்திலேயே புகார் பகுதி இருக்கிறது. படங்களை ஏற்றினால் ஒரு டிக்கெட் எண் வரும், எழுதி வையுங்கள். அதோடு நிறுத்தாமல், நோட்டீஸின் மேலே இருக்கும் அலுவலகத்துக்கு நேரில் போய் இரண்டு பிரதி மனு கொடுங்கள். ஒன்றில் சீல், தேதி, கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள். கன்னடத்தில் எழுதினால் கவுன்ட்டரில் வேலை சுலபம், ஆங்கிலமும் எடுபடும்.

மனுவில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒரு விதி சேர்த்தார்கள். கேமரா மூலம் போடும் சலானில் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம், மீறிய பிரிவு, மின்னணுச் சாட்சியச் சான்றிதழ் எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது அது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழும் வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். "தெளிவான படத்தையும் இந்த விவரங்களையும் தாருங்கள்" என்று ஒரு வரி போதும். மரியாதையாக எழுதுங்கள். ராத்திரி பகலாக ஆயிரக்கணக்கில் படம் பார்க்கிறவர் அவர்.

டாடா ஏஸ் அண்ணன்:
15 நாளுக்குள்ள நோட்டீஸ் வரணும்னு ஒரு ரூல் இருக்கே சார்? இவங்களுக்கு 16-வது நாள் வந்திருக்கு. அதை வெச்சே அடிச்சிரலாம்ல?

கோர்ட் வாசல் குமாஸ்தா:
அதே விதியில்தான் இருக்கிறது அண்ணா. ஆனால் அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். அனுப்பிய தேதி எது, வந்து சேர்ந்த தேதி எது என்று பேச்சு திசைமாறும். கடைசி வரியில் தேதிகளைக் குறிப்பிட்டால் போதும்.

இன்னொன்று: பேசாமல் இருந்துவிடக் கூடாது. 133-வது பிரிவின்படி, ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் பதில் சொல்லியாக வேண்டும். "அது என் வண்டியே இல்லை" என்பதும் பதில்தான், எழுத்தில் இருக்க வேண்டும். சலான் மெய்நிகர் (ஆன்லைன்) நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் அங்கே 'எதிர்க்கிறேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்கு மாறும்.

ஒருவேளை பிளேட்டிலும் 'எச்' என்றே இருந்திருந்தால், அது உங்கள் நம்பரை வேறு யாரோ போலியாக மாட்டி ஓட்டுகிற விஷயம். அதற்கு இந்த மனு போதாது, ஸ்டேஷனில் புகார் கொடுத்தே ஆக வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

டாடா ஏஸ் அண்ணன்:
இது தெரியாமப் போச்சே. நான் கட்டின ரெண்டுலயும் போட்டோவைப் பெருசாக்கிப் பார்க்கவே இல்ல.

பானஸ்வாடி மகள் (நான்கு நாள் கழித்து):
அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேற்று போய் வந்தேன். மனுவைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கன்னடத்தில் எழுதித் தந்தார். முதல் கவுன்ட்டரில் "ஆன்லைனில் போடுங்கள்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். டிக்கெட் எண்ணைக் காட்டி, ஏற்கெனவே போட்டாயிற்று, இதற்குச் சீல் மட்டும் வேண்டும் என்றேன். உள்ளே ஒரு அம்மா கணினியில் படத்தைத் திறந்தார். அப்பா ஆர்.சி.யை நீட்டி, "நான் ஓட்டறது ஸ்கூட்டர், மேடம்" என்று மட்டும் கன்னடத்தில் சொன்னார். அவர் படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சீல் கிடைத்தது. வெளியே வந்ததும் அப்பா டீ குடிக்கலாம் என்றார், பல நாளுக்குப் பிறகு.

பானஸ்வாடி மகள் (மேலும் பதினோரு நாள் கழித்து):
இன்று காலை தளத்தில் பார்த்தேன். அப்பா வண்டி நம்பருக்கு நிலுவை எதுவும் இல்லை என்று வருகிறது! அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, சீல் போட்ட மனுவோடு ஆர்.சி. கவரில் வைத்திருக்கிறார். ஹலசூர் சார், குமாஸ்தா சார், அண்ணா, மூன்று பேருக்கும் அப்பா நன்றி சொல்லச் சொன்னார்.

பாக்கி இருப்பது ஆர்.சி.யில் விட்டுப்போன அந்த எழுத்து. கஸ்தூரிநகரில் பெயர் திருத்தத்துக்கு ஆதாரோடு வேறு என்ன கேட்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா? வண்டி வாங்கிய பில்லில் பெயர் சரியாக இருக்கிறது.