காற்று எடுத்த பிறகும் முன் பிரேக் லீவர் இறுகவில்லை

கேள்வி: ஈசூன்வாசி

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய 150 சிசி மோட்டார்சைக்கிளில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. முன்சக்கரத்தில் ஒற்றை டிஸ்க். கறுத்துப் போயிருந்த முன் பிரேக் எண்ணெயை வடித்துவிட்டு, டாட் 4 வகைப் புதிய பிரேக் எண்ணெய் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை எடுத்தேன். டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரில் எண்ணெய் வடிப்பதற்கென இருக்கும் நிப்பிளில் நிறமற்ற குழாயைச் செருகி, அதன் மறுமுனையைப் போத்தலிலுள்ள எண்ணெய்க்குள் அமிழ்த்தி, லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிப்பிளைத் திறந்து, அதை மூடிய பின்னரே லீவரை விட்டேன். குழாயில் குமிழி வருவது அடியோடு நின்றுவிட்டது. ஆயினும், லீவர் பஞ்சை அழுத்துவது போலவே இருக்கிறது. விடாமல் நாலைந்து முறை அழுத்தினால் இறுகுகிறது. வண்டியை நகர்த்தாமல் சற்று நேரம் விட்டாலே தளர்ந்துவிடுகிறது. ஆண்டுப் பரிசோதனை நெருங்குகிறது. இன்னொரு போத்தல் வாங்கி மறுபடியும் வடிக்க வேண்டுமா?

பதில்: பட்டறைப் பழக்கம்

தம்பி, அதே நிப்பிள் வழியாக எத்தனை போத்தல் வடித்தாலும் இது தீராது. எண்ணெயை நீங்கள் கீழே தள்ளுகிறீர்கள், காற்றோ மேலே ஏறப் பார்க்கிறது. ஒருமுறை அழுத்தும்போது நகரும் எண்ணெய் மிகக் கொஞ்சம் என்பதால், குமிழி சிறிது இறங்கி, அடுத்த அழுத்தலுக்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அந்த இடம் பெரும்பாலும், லீவரை அழுத்தும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரோடு பிரேக் குழாயைச் சேர்க்கும் துளையுள்ள போல்ட்டான பேஞ்சோ போல்ட்தான்.

பேஞ்சோ போல்ட் எண்ணெய்த் தொட்டியைவிடத் தாழ்வாக வரும்படி கைப்பிடியைத் திருப்பி வையுங்கள். பிறகு, லீவரை முழுவதும் அழுத்தாமல், விரல் நுனியால் சில மில்லிமீட்டர் மட்டும் தட்டித் தட்டி விடுங்கள். தொட்டியின் அடியில் ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. அது லீவர் முழுவதும் விடுபட்டிருக்கும்போதுதான் திறந்திருக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் அதன் வழியே பொடிக் குமிழிகள் கிளம்புவதைக் காணலாம். எண்ணெய் சில வேளைகளில் கண்ணுக்கு நேராகப் பீய்ச்சும் என்பதால், மூடியை ஒப்புக்காவது மேலே வைத்திருங்கள். இடையிடையே ஸ்குரூடிரைவர் பிடியால் குழாயைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வந்தால், உட்சுவரில் ஒட்டியிருக்கும் குமிழிகளும் விடுபடும்.

அப்படியும் இறுகவில்லையெனில், பேஞ்சோ போல்ட்டைச் சுற்றித் துணி கட்டி, லீவரை அழுத்திப் பிடித்தபடி அதைச் சற்றே தளர்த்தி, எண்ணெய் கசிந்ததும் இறுக்கி, அதன் பிறகு லீவரை விடுங்கள். போல்ட்டை முழுவதும் கழற்றினால் செப்பு வாஷர்களைப் புதிதாகப் போடுவதே முறை.

பதில்: இருசக்கரன்

இரவு முழுவதும் லீவரை அழுத்திய நிலையில் ரப்பர் பட்டையால் கட்டி வைத்தாலும் குமிழிகள் சிறுத்து மேலே ஏறும், காலையில் அவிழ்த்ததும் வெளியேறும். ஆனால், குற்றம் முழுவதையும் காற்றின் மீது போட்டுவிட முடியாது. லீவரை ஒரே அழுத்தத்தில் பிடித்திருங்கள். அது மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. ஓட்டிய பிறகு மட்டும் தளர்ந்தால் டிஸ்க் கோணலாக இருக்கலாம். உங்களுடையது நின்ற இடத்திலேயே தளர்வதால் அந்தச் சந்தேகம் வேண்டாம். குழாய் பழையதென்றால், வேறொருவரை லீவரை அழுத்தச் சொல்லி, அது உப்புகிறதா என்று பாருங்கள்.

பதில்: பட்டறைப் பழக்கம்

இருசக்கரன் சொன்ன சோதனையை முதலில் செய்வதே சரி. ரப்பர் போயிருந்தால் என் வைத்தியம் எதுவும் எடுபடாது.

பதில்: உட்லண்ட்ஸ் ஓட்டுநர்

எண்ணெயைப் பற்றிச் சிறு எச்சரிக்கை. டாட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியசில்தான் கொதிக்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், திறந்து பல மாதங்களான போத்தலை மறுபடி பயன்படுத்தாதீர்கள். டாட் 5.1 கலக்கலாம், டாட் 5 சிலிகோன் வகை, அதைக் கலக்கவே கூடாது. வண்டியின் சாயத்தில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் மட்டும் போதாது.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்ற வேண்டாம், அந்த நீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. போத்தலில் மூடி, பட்டறையில் ஏற்பார்களா என்று கேளுங்கள். லீவர் இறுகும்வரை சாலைக்கு எடுக்காதீர்கள். பட்டறைக்கே கொண்டுபோக நேர்ந்தாலும் இழுவை வண்டியை அழையுங்கள்.