‘பிரிபோன்’ தப்பா? வேலைக் கடிதத்து இங்கிலீஷ் பற்றி ஒரு விவாதம்

சிம்மக்கல் டீச்சர்:
எங்க தெருப் பையன் ஒருத்தன் வேலைக்கு அனுப்பப்போகும் கடிதத்தைத் திருத்தித் தரச் சொன்னான். ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2022’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’, ‘வீ கேன் டிஸ்கஸ் அபௌட் சேலரி’, ‘இஃப் தி இண்டர்வியூ இஸ் பிரிபோன்டு, கைண்ட்லி இன்ஃபார்ம்’. நாலையும் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். டிகிரி முடித்த பிள்ளைக்கு இதைக்கூடச் சொல்லித்தராமல் விட்டிருக்கிறோமே என்று கோபம் வருகிறது.

வைகைக்கரையான்:
டீச்சர், நாலையும் ஒரே தராசில் வைக்காதீங்க. பிரிபோன் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கு. தள்ளிவைக்க போஸ்ட்போன் இருந்தால், முன்னுக்குக் கொண்டுவரவும் ஒரு சொல் வேணும்ல? கோடிக்கணக்கான பேர் இங்கே தினமும் புழங்கும் இங்கிலீஷுக்கு லண்டன்காரர் எதுக்கு சர்டிஃபிகேட் தரணும்?

சிம்மக்கல் டீச்சர்:
அகராதியில் இருக்கிறது, சரி. இந்தியாவில் புழங்கும் சொல் என்ற குறிப்போடுதான் இருக்கிறது. இந்தக் கடிதம் போவதோ லண்டன் கம்பெனிக்கு. அங்கே ‘பாஸ்டு அவுட்’ என்றால் மயங்கி விழுந்தான் என்றுதான் முதலில் தோன்றும்.

வைகைக்கரையான்:
ராணுவத்தில் பயிற்சி முடித்தால் பாஸிங் அவுட் பரேடு நடக்குதே? அந்த வழக்கு அவங்ககிட்ட இருந்து வந்ததுதானே. ‘ஆக வேண்டியதைச் செய்யுங்க’ என்ற அர்த்தத்தில் நாம எழுதுற ‘டூ தி நீட்ஃபுல்’ கூட ஒரு காலத்தில் அவங்களே எழுதினதுதான். அவங்க விட்டுட்டாங்க, நாம வச்சிருக்கோம்.

மேலூர்க்காரன்:
அண்ணே, சொல்லை விடுங்க, வாக்கியத்தைப் பாருங்க. டிஸ்கஸ் என்ற வினை நேராகப் பொருளை எடுத்துக்கும், நடுவில் அபௌட் வராது. ‘டிஸ்கஸ் சேலரி’, அவ்வளவுதான். ‘டிஸ்கஷன்’ என்று பெயர்ச்சொல்லாக வந்தால் அபௌட் போடலாம். ‘சம்பளத்தைப் பற்றிப் பேசலாம்’ என்று மனசுக்குள் தமிழில் ஓடுவதால்தான் அந்த அபௌட் ஒட்டிக்கொள்கிறது. ஹேவிங்கும் அப்படித்தான். ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அனுபவம் நம்மிடம் இருக்கிற ஒன்று, அதுக்கு ‘ஐ ஹேவ்’ போதும். என்னைக் கேட்டால், இந்த ரெண்டையும் எந்த ஊர்க் கடிதமானாலும் திருத்தணும்.

வைகைக்கரையான்:
அந்த ரெண்டுக்கும் நான் சண்டைக்கு வரலை தம்பி. பிள்ளை எழுதின எல்லாத்திலும் சிவப்பு மை விழுந்தால் அடுத்த தடவை பேனாவையே எடுக்கமாட்டான். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி இண்டர்வியூவுக்குப் போகிற எத்தனையோ பிள்ளைகள், தப்பாயிடுமோ என்ற பயத்திலேயே வாய் திறக்காமல் திரும்புறாங்க. அதுதான் என் வருத்தம்.

சிம்மக்கல் டீச்சர்:
பயம் போகணும் என்பதற்காகத்தான் திருத்துகிறேன். எதிரில் இருப்பவர் ஒரு சொல்லில் தடுமாறினாலும் நஷ்டம் அந்தப் பையனுக்குத்தான். ‘கிராஜுவேட்டட் இன் 2022’ என்றும், பிரிபோனுக்குப் பதிலாக ‘மூவ்டு டு அன் எர்லியர் டேட்’ என்றும் மாற்றியிருக்கிறேன். எந்த நாட்டில் படித்தாலும் புரியும்.

வைகைக்கரையான்:
லண்டனுக்குப் போகிற கடிதத்துக்கு அது சரி. நாளைக்கு அவனே சென்னைக் கம்பெனிக்கு எழுதும்போது பிரிபோனை அடிக்காதீங்க டீச்சர்.