ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகணும், மகனிடம் எப்படிச் சொல்வது?

சங்கரன்கோவில் ஆச்சி:
எனக்கு 63 வயது. ஊர் சங்கரன்கோவில், இப்போது இருப்பது சென்னையில் மகன் வீட்டில், நாலாவது மாடி. மருமகளின் பேறுகால விடுப்பு 26 வாரமும் முடிந்து அவள் வேலைக்குக் கிளம்பியபோது "ஒரு மூணு மாசம் வந்து இருங்கம்மா" என்று மகன் கூப்பிட்டான், போன புரட்டாசியில் வந்தேன், இப்போது வைகாசி. நடுவில் பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போய் வந்ததோடு சரி.

பேத்திக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும், இடுப்பை விட்டு இறங்க மாட்டாள். பேரனுக்கு நாலு வயது, ஜூனில் எல்.கே.ஜி. போகிறான். இங்கே யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. மருமகள் ராத்திரி எட்டு மணிக்கு வந்ததும் கையைக் கழுவிவிட்டு "நீங்க போய் உட்காருங்க அத்தை" என்று பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஊரில் தனியாக இருக்கிறார். இங்கே வந்து பத்து நாள் இருந்து பார்த்தார், பால்கனியில் நின்று எதிர் பால்கனியைப் பார்த்தது போதும் என்று கிளம்பிவிட்டார். இந்த வயதில் சமையல் பழகுகிறார். காலையில் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிடுவார், நான் இங்கே பேத்திக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அந்தக் குக்கர் விசிலை எண்ணி, மூணு ஆச்சு அணைங்க என்பேன். போன வாரம் இங்கே எங்கள் குக்கர் போட்ட விசிலையும் சேர்த்து எண்ணிவிட்டேன், அங்கே பருப்பு வேகவே இல்லை. ரெண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்ததும் ஏனோ அழுகை வந்துவிட்டது.

ஆடித்தபசு வருகிறது. அதற்குப் போய் ஒரு மாதமாவது ஊரில் இருந்துவிட்டு வரணும். மூட்டு வலி என்று சொல்லிக் கிளம்பலாமா என்றுகூட யோசிக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

மதுரைத் தாத்தா:
அம்மா, மூட்டு வலியை மட்டும் இழுக்காதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். கோவையில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு, ஊர்ப்பக்கம் போகணும் என்று சொல்லக் கூச்சப்பட்டு முட்டி வலிக்கிறது என்றேன். மறுநாளே டாக்டர், ஸ்கேன், முட்டிக்கு ஒரு பெல்ட், "இந்த வலியோட தனியா எப்படிப்பா இருப்பீங்க" என்று இன்னும் மூன்று மாதம் நிறுத்திவிட்டார்கள்! வலியே இல்லாத முட்டியில் பெல்ட் மாட்டிக்கொண்டு பேரனோடு கேரம் ஆடினேன்.

தேதியைச் சொல்லுங்கள். இன்ன தேதி போகிறேன், இன்ன தேதி வருகிறேன். "கஷ்டமா இருக்குப்பா" என்று ஆரம்பித்தால் என்ன கஷ்டம், யார் என்ன சொன்னார்கள் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். மகனைத் தனியாகக் கூப்பிட்டும் சொல்லாதீர்கள், ரெண்டு பேரையும் வைத்துச் சொல்லுங்கள்.

ஓடிப்பார்த்தவன்:
சம்பளமில்லாத ஆயா கிடைத்தால் யார்தான் விடுவார்கள். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள், தானாகப் புரியும்.

ரெண்டு பிள்ளைக்காரி:
மேலே சொன்னவருக்கு: அந்த வீட்டு மருமகளும் ஒன்பது மணி நேரம் வேலை பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை வாங்குகிறாள், கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்.

அம்மா, நான் உங்கள் மருமகள் இருக்கிற இடத்தில் இருக்கிறவள். எங்கள் அத்தையும் எது கேட்டாலும் "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அவருக்கு ஊர் ஏக்கம் என்பது பக்கத்து ஃபிளாட் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு வந்த கோபம் அவர் போக நினைத்ததற்கு இல்லை, என்னிடம் சொல்லாமல் அந்த அக்காவிடம் சொன்னதற்கு. அப்புறம் உட்கார்ந்து பேசி, அத்தை மூன்று மாதம், எங்கள் அம்மா மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டோம். ஆள் மாறுகிற வாரம் நானும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி லீவு போடுவோம்.

இன்னொன்றும் உங்கள் மருமகளிடம் சொல்லுங்கள். 2017இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியபோது விடுப்பை 26 வாரமாக்கியதோடு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றும் வைத்தார்கள். நான் கேட்டபோது எங்கள் எச்.ஆர். வானத்தைப் பார்த்தார், நாலைந்து பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் பக்கத்தில் ஒரு காப்பகத்தோடு ஏற்பாடு செய்தார்கள். கேட்காமல் யாரும் தருவதில்லை.

ரயில் பைத்தியம்:
பேசுவதெல்லாம் பேசுங்கள், டிக்கெட்டை விட்டுவிடாதீர்கள். முன்பதிவு முன்பு 120 நாள், 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். தபசு நேரத்தில் உங்கள் ஊர் வழியாகப் போகிற பொதிகை எக்ஸ்பிரஸில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, காலை எட்டு மணிக்குத் திறந்ததும் போட்டுவிட வேண்டும். 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு, பதிவு செய்யும்போது மகனை அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையைத்தான் 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். பெண்களுக்குப் பாதிக் கட்டணம் இருந்தது, இன்றுவரை ஆறவில்லை எனக்கு.

சங்கரன்கோவில் ஆச்சி:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை இட்லி முடிந்ததும் ரெண்டு பேரையும் உட்காரவைத்துத் தேதியைச் சொல்லிவிட்டேன். மகன் ஒன்றும் பேசாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள்தான், "தினம் விசில் எண்ணுறத நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை, நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றாள். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

அவள் அம்மா இருபது நாள் வருகிறார். மிச்ச நாளுக்கு லீவு கேட்டுப் பார்க்கிறார்களாம், காப்பகம் பற்றியும் ஆபீஸில் விசாரிக்கிறேன் என்றாள். மகன் சாயங்காலம் வரை உம்மென்று இருந்துவிட்டு, "அப்பாவையே இங்க கொண்டு வந்துடலாமேம்மா" என்று ஆரம்பித்தான். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை, முடியும் என்றும் தோன்றவில்லை.

இதற்குள் பேரன் நானும் வருவேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறான். ஐந்து வயதுக்குள் என்பதால் அவனுக்கு டிக்கெட் வேண்டாமாம், என் பெர்த்திலேயே படுக்கவைத்துக்கொள்ளலாம். கோமதியம்மன் சப்பரம் வரும்போது விவசாயிகள் வீசுகிற பருத்தியும் வத்தலும் பறக்குமே, அந்தக் கூட்டத்தில் இவனை யார் தோளில் ஏற்றுவது என்று அவரிடம் கேட்டால், "நான் இருக்கேன்ல" என்கிறார். அவருக்கு நிஜமாகவே முட்டி வலி உண்டு.