எண்ணிக்கை 160 இருந்தும் ரோட்டிஃபர் தொட்டி ஏன் சரிந்தது?

ரோட்டிஃபர் என்பது மீன்குஞ்சுகளுக்கு முதல் தீவனமாக வளர்க்கும் மிக நுண்ணிய நீர்ப்பிராணி. நேற்று வரை நிறைந்திருந்த ரோட்டிஃபர் தொட்டி காலையில் காலியாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு என் கதை புரியும்.

நாகப்பட்டினம் பக்கம் கொடுவா மீன் குஞ்சு பொரிக்கும் ஒரு ஹேச்சரியில் உயிர்த்தீவனப் பொறுப்பில் இருந்தேன். ஐப்பசி அடைமழை. பத்து நாளாக வெயிலே இல்லை. வெளித்தொட்டியில் ரோட்டிஃபருக்குத் தீனியான நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசி வெளிறிப்போய், பாசித்தண்ணி பாதியாகக் குறைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பேக்கரி ஈஸ்டைக் கரைத்து ஊற்றினேன். பல இடங்களில் செய்வதுதான். ஆனால் தின்று தீர்ந்ததா என்று பார்க்காமல் வேளாவேளைக்கு ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

காலையில் ஒரு மில்லி எடுத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு எண்ணினால் 160. சந்தோஷமாகப் பதிவேட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். விஷயம் ஸ்லைடிலேயே இருந்தது. நன்றாக இருக்கும் தொட்டியில் மூன்றில் ஒன்றாவது பின்பக்கம் முட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நீந்தும். சிலது இரண்டு மூன்றுகூடச் சுமக்கும். அன்று நூற்றுக்குப் பத்து தேறவில்லை. இருந்ததெல்லாம் வயதானவை, பின்னால் வர ஆளில்லை.

மறுநாள் 70. தண்ணீர் பால் மாதிரி, ஓரமெல்லாம் நுரை, புளித்த வாடை. மைக்ராஸ்கோப்பில் ரோட்டிஃபரைவிட, அழுக்குத் தண்ணீரில் பெருகும் சிலியேட்டுகள் என்ற ஒரு செல் உயிரிகள்தான் அதிகம் ஓடின. மூன்றாம் நாள் தொட்டி போய்விட்டது.

அன்றைக்குத்தான் கொடுவாக் குஞ்சுகள் முதல் இரைக்கு வாய் திறந்திருந்தன. குஞ்சுத் தொட்டியில் மில்லிக்குப் பத்துப் பதினைந்தாவது ரோட்டிஃபர் இருக்க வேண்டிய நேரம். பீக்கரில் கொஞ்சம் மொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். தின்ற குஞ்சுக்கு வயிறு நிறைந்து தெரியும். இவற்றுக்குக் கண்ணாடி மாதிரி, உள்ளே ஒன்றுமே இல்லை. நான் ஆட்டிய பீக்கரில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டே நாளில் பெரும்பாலானவை அடியில் படிந்துவிட்டன.

ஜப்பானில் விலாங்குக் குளங்களில் இதே ரோட்டிஃபர் பாசியை முழுக்கத் தின்று தண்ணீர் நிறத்தையே மாற்றிவிடும். அதை முதலில் தொல்லையாகத்தான் பார்த்தார்கள். 1960-இல் இட்டோ என்பவர்தான் இதைக் கடல்மீன் குஞ்சுகளுக்குத் தீவனமாக்கலாம் என்றார். அப்படித் தின்கிற ஜீவனுக்குப் பாசி இல்லாத மழைக்காலத்தை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

இப்போது தலையை எண்ணும்போதே முட்டையையும் எண்ணி, பக்கத்துக் கட்டத்தில் எழுதுகிறேன். முட்டை குறைந்தால் அன்றே 60 மைக்ரான் வலையில் வடித்து, அலசி, புதுத்தண்ணீருக்கு மாற்றிவிடுவேன். ஈஸ்டில் வளர்ந்ததைக் குஞ்சுக்கு அப்படியே கொடுப்பதில்லை. ஈபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புச் சத்துகள் இல்லாத ரோட்டிஃபரை வயிறு முட்டத் தின்றும் குஞ்சு சாகும். ஆறு மணி நேரமாவது நல்ல பாசியிலோ, சத்தூட்டும் எண்ணெய்க் கரைசலான எமல்ஷனிலோ விட்டுத்தான் கொடுக்கிறேன்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் சென்னையில் வீட்டில் கோமாளி மீன் பொரிக்க வைப்பவன். நீங்கள் சொன்ன சிலியேட்டு எனக்கும் வந்தது. தொட்டியெல்லாம் இல்லை, இரண்டு லிட்டர் பாட்டில்கள்தான். நான்கிலும் ஒரே பிப்பெட்டை முக்கி எடுத்ததில் நான்கும் ஒரே வாரத்தில் போயின. இப்போது பாட்டிலுக்கு ஒரு பிப்பெட். ஒரு பாட்டில் எப்போதும் வேறு அறையில், அதைத் தொடுவதே இல்லை. போன மாதம் ராத்திரி விளக்கணைத்த பிறகு முட்டை பொரிந்தபோது, அந்த ஒன்றுதான் கைகொடுத்தது.