குடும்பப்பெயரின் ‘ஹோம்’: ஒரு சொல்லா, இரண்டா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

குடும்பப்பெயர் ஆய்வுக்கான நம் கலைச்சொற் பட்டியலில் ஓர் இடம் இன்னும் வெற்றாகவே நிற்கிறது. ஒரு குடும்பப்பெயரின் ‘ஹோம்’ என்று ஆங்கிலத்தில் எழுதுகிறார்களே, அதற்குத் தமிழில் என்ன?

1890இல் இந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து பிரிட்டனின் குடும்பப்பெயர்களைத் தொகுத்தவர் ஹென்றி புரூம் கப்பி. கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாரியாக வெளிவந்த டைரக்டரிகளில், அதாவது பெயர், தொழில், முகவரிப் பட்டியல்களில், விவசாயிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, 10,000 பேருக்கு எத்தனை பேர் ஒரு பெயரைத் தாங்கியிருக்கிறார்கள் என்று கணக்கிட்டார். நிலத்தோடு கட்டுண்டவர்கள் எளிதில் ஊர் மாறமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். 30 முதல் 40 கவுண்டிகளில் காணப்படும் பெயர் பொதுப்பெயர். அங்கிருந்து படிப்படியாகக் குறைந்து, ஏறக்குறைய ஒரே கவுண்டிக்குள் அடங்கும் பெயர் ஆறாம் வகை.

நான் முன்வைப்பது ‘தாயகம்’. சோதித்துப் பார்க்கத் தொகுப்பாளரின் சொந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். கப்பி அரிய பெயர். கொசுப்புழுவைத் தின்னக் கிணற்றிலும் தொட்டியிலும் விடுகிறோமே, அந்தக் கப்பி மீன் வழியாக நம்மவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயரும்கூட.

மடல் 2

> நான் முன்வைப்பது ‘தாயகம்’.

வணக்கம் ஐயா. தாயகம் வேண்டாம் என்பேன். சொல்லின் அழகில் குறையில்லை. ஆங்கிலச் சொல் இரண்டு வேறு பொருள்களை ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறது; தாயகம் அந்தக் குழப்பத்தை அப்படியே நம்மிடம் கொண்டுவந்துவிடும்.

கப்பியையே பார்ப்போம். தென் இங்கிலாந்தின் டார்செட் கவுண்டியின் மேற்கு ஓரத்தில் வூட்டன் ஃபிட்ஸ்பெய்ன் என்னும் பங்கில் (தேவாலயத்தை ஒட்டிய ஊர்ப்பிரிவில்) கப்பி என்று ஓர் இடம் உண்டு. குப்பா என்னும் ஆங்கிலோ-சாக்சன் ஆளின் வேலியடைத்த நிலம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். குடும்பப்பெயர் அந்த இடத்திலிருந்து வந்தது. இது ஒரு செய்தி. 1881 கணக்கெடுப்பில் கப்பி என்ற பெயர் எந்த வட்டாரத்தில் மக்கள்தொகைக்கு மிஞ்சித் திரண்டிருக்கிறது என்பது வேறொரு செய்தி. முதலாவது பெயர் பிறந்த இடம். இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட நாளில், அதாவது 1881 ஏப்ரல் 3 இரவு, பெயர் தாங்கியவர்கள் தங்கியிருந்த இடம். முதலாவது மாறாது. இரண்டாவது ஒவ்வொரு ஆவணத்திலும் நகரும்.

இரண்டும் ஒரே புள்ளியில் விழும் என்று நினைப்பதுதான் புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடம். ஊரால் வந்த பெயர் பெரும்பாலும் அந்த ஊருக்குள்ளே பிறப்பதில்லை. கப்பியில் இருப்பவர் எல்லோருமே கப்பிக்காரர்தான். அங்கே அந்தப் பெயர் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. அவர் பத்து மைல் தள்ளிக் குடியேறிய பிறகுதான் அக்கம்பக்கத்தார் ‘கப்பியிலிருந்து வந்தவர்’ என்பார்கள், எழுத்தரும் அப்படியே எழுதுவார். நிலத்துக்கு உடையவர் மட்டும் விலக்கு: அவர் அங்கேயே இருந்தாலும் நிலத்தின் பெயர் அவர்மேல் ஏறும். ஆகவே வரைபடத்தில் பெயர்த்திரள் ஊரைச் சுற்றி வளையமாக நிற்கலாம், ஒரு பக்கமாக ஒதுங்கியும் நிற்கலாம். ஊர் இருக்கும் புள்ளி வெறுமையாக இருந்தால் ‘மூலம் தவறு’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

எனவே இரண்டு சொற்கள் வேண்டும்.

மடல் 3

அம்மா சொல்வதை ஏற்கிறேன். சொற்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பேச்சுவழக்கில் ‘உங்களுக்குப் பூர்வீகம் எது?’ என்று கேட்கிறோம். நல்ல சொல், ஆனால் அது குடும்பத்தைப் பற்றிய கேள்வி. நாம் தேடுவது பெயரின் மூலம். பெயர் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குத் தாவும்: மணத்தால், தத்தால், சொத்துரிமைக்காகப் பெயரை ஏற்பதால். பூர்வீகம் என்றால் இந்தத் தாவல்கள் மறைந்துபோகும்.

‘மூலவிடம்’ சரியான சொல்தான், ஆனால் மூலம் என்பது ஆதார நூல், மூலப்பிரதி என்ற பொருளிலும் இந்தப் பட்டியலில் ஏற்கெனவே பத்து இடங்களில் வருகிறது. ‘ஊற்றிடம்’ என்று வைப்போம். ஊற்றிலிருந்து நீர் வெளியேறி வேறெங்கோ தேங்கலாம். பெயர் பிறந்த இடமும் அது தேங்கிய இடமும் ஒன்றல்ல என்பதைச் சொல்லே தாங்கும்.

இரண்டாவதற்குச் ‘செறிவிடம்’. ‘திரளிடம்’ என்றால் ஆட்களின் எண்ணிக்கை என்ற பொருள் தட்டுகிறது. செறிவு என்றால் எதனுள் எவ்வளவு என்ற விகிதம் தானாக வரும். வேதியியலில் மாணவர்கள் இந்தச் சொல்லை அந்தப் பொருளில்தான் படிக்கிறார்கள்.

ஊரால் வந்த பெயரையும் நிலக்கூற்றால் வந்த பெயரையும் கூடவே பிரித்துவிடுவோம். கப்பி ‘ஊர்வழிப் பெயர்’. ஹில், புரூக், வுட் போன்றவை குன்றும் ஓடையும் காடும். அவை ‘நிலவழிப் பெயர்’. கோவூர் கிழார், மாங்குடி மருதனார் என்று ஊரை முன்னால் வைத்துச் சொன்ன மரபு நமக்குண்டு, ஆனால் அந்த ஊர்ப்பெயர் பிள்ளைகளுக்கு இறங்கவில்லை. அதனால் ‘ஊர்வழிப் பெயர்’ என்பதன் வரையறையில் ‘தலைமுறை தோறும் இறங்குவது’ என்ற தொடர் கட்டாயம் இருக்க வேண்டும். தெற்கு இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களில் 1250க்கும் 1400க்கும் இடையில் பெயர் இப்படி இறங்கத் தொடங்கி நிலைத்தது.

மடல் 4

செறிவிடம் என்ற சொல்லுக்கு ஆதரவாக ஒரு கணக்கு. கீழே பெயர் தாங்கியோர் எண்ணிக்கை விளக்கத்துக்காக நானே வைத்தது. மக்கள்தொகை மட்டும் உண்மையானது.

1881இல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டும் சேர்த்து சுமார் 2.6 கோடிப் பேர். டார்செட்டில் சுமார் 1,91,000. லண்டனில் சுமார் 38 லட்சம். ஒரு பெயரை 500 பேர் தாங்கியிருந்து, அதில் 200 பேர் டார்செட்டிலும் 100 பேர் லண்டனிலும் இருப்பதாகக் கொள்வோம்.

நாடு முழுவதும்: லட்சத்துக்கு 1.92.
டார்செட்: லட்சத்துக்கு சுமார் 105. நாட்டு அளவைப்போல் 54 மடங்கு.
லண்டன்: லட்சத்துக்கு சுமார் 2.6. வெறும் 1.4 மடங்கு.

எண்ணிக்கையை மட்டும் வண்ணமிட்டால் லண்டனும் அடர்ந்து தெரியும், இரண்டு ‘தாயகம்’ என்று தோன்றும். மடங்கைப் போட்டால் லண்டன் மங்கிவிடும். இந்த மடங்குக்கு ‘செறிவு மடங்கு’ என்ற பெயரை முன்மொழிகிறேன்.

அடுத்த சிக்கல் எல்லை. கப்பி என்னும் இடம் பக்கத்துக் கவுண்டியான டெவனின் எல்லையை ஒட்டியது, அதனால் இங்கே இந்தச் சிக்கல் கடுமையாகவே கடிக்கும். பிறப்பு, மணம், இறப்புக்கான அரசுப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியபோது பதிவு மாவட்டங்கள் கவுண்டி எல்லையைப் பார்த்து வகுக்கப்படவில்லை. டார்செட்டின் லைம் ரீஜிஸும் சார்மத்தும் டெவனிலுள்ள ஆக்ஸ்மின்ஸ்டர் பதிவு மாவட்டத்தில் சேர்ந்தன. இந்தப் பதிவுகளுக்கு 1852 முதல் உள்ள தேசியச் சுட்டியில் டார்செட்டுக்குத் தொகுதி 5ஏ, டெவனுக்கு 5பி. லைம் ரீஜிஸில் பிறந்த குழந்தை 5பி என்று வரும். தொகுதி எண்ணை வைத்துக் கவுண்டி பிரித்தால் டார்செட்டின் ஆட்களை டெவனுக்குத் தாரைவார்த்துவிடுவோம்.

கவுண்டி எல்லையே நகர்ந்ததும் உண்டு. தார்ன்கம் பங்கு 1844இல் டெவனிலிருந்து டார்செட்டுக்கு வந்தது. ஹாக்சர்ச்சும் சார்ட்ஸ்டாக்கும் 1896இல் டார்செட்டிலிருந்து டெவனுக்குப் போயின. 1881ஐயும் 1901ஐயும் கவுண்டி அளவில் ஒப்பிட்டால், ஒருவரும் வீடு மாறாமலே பெயர் ‘நகர்ந்ததாக’ வரும்.

ஆகவே என் நிபந்தனை: செறிவிடம் என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் ஆண்டும் அலகும் சேர்ந்தே வர வேண்டும். ‘1881 செறிவிடம், பதிவு மாவட்ட அளவில்’ என்பது முழுமையான கூற்று. வெறும் ‘செறிவிடம்’ அரைகுறை.

மடல் 5

ஆண்டு கட்டாயம் என்பதை வழிமொழிகிறேன். டார்செட்டுக்கு இந்த ஆண்டு அடுக்குகள் நன்றாகவே கிடைக்கின்றன: 1327, 1332 வரிப்பட்டியல்கள், புராட்டஸ்டண்ட் சமயத்தைக் காப்பதாக உறுதி கூறியவர்களின் 1642 உறுதிமொழிப் பட்டியல், வீட்டிலுள்ள அடுப்புகளை எண்ணி வாங்கிய அடுப்பு வரியின் 1662 முதல் 1664 வரையிலான பட்டியல், பிறகு 1841 முதலான கணக்கெடுப்புகள். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களைப் பிடித்த வலை. 14ஆம் நூற்றாண்டு வரி, அசையும் சொத்து உள்ளவர்களை மட்டும் பதிவுசெய்தது. உறுதிமொழியில் 18 வயது நிறைந்த ஆண்கள். அடுப்பு வரியில் வீட்டுத் தலைவர்கள். 1881இல் கைக்குழந்தை உட்பட எல்லோரும். எண்ணிக்கையை எண்ணிக்கையோடு ஒப்பிட வழியே இல்லை. அந்தந்தப் பட்டியலுக்குள் செறிவு மடங்கு கண்டு, மடங்கை மடங்கோடு வைத்துப் பார்க்கலாம். அப்போதும் சிறிய பட்டியலில் மூன்று நான்கு பேரை வைத்து மடங்கு சொல்வது ஆபத்து. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவர் இருந்தாலே மடங்கு இரட்டிக்கும்.

ஊற்றிடம் பற்றி ஒரு கேள்வி. அது ஒன்றுதானா? ஸ்மித் நூறு ஊர்களில் நூறு கொல்லர்களுக்கு வந்த பெயர். இதற்கு ‘ஓரூற்றுப் பெயர்’, ‘பல்லூற்றுப் பெயர்’ என்று இரண்டாகப் பிரிக்கலாம்.

பெயரின் பொருளை மட்டும் பார்த்து இந்த வகையைத் தீர்மானிக்க முடியாது. சைக்ஸ் என்பது யார்க்‌ஷர்ப் பக்கத்து ஓடையைக் குறிக்கும் நிலவழிப் பெயர். பல்லூற்று என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். 2000இல் வெளியான ஆய்வில், அந்தப் பெயர் தாங்கிய 48 ஆண்களின் ஒய் குரோமோசோமில் (தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் மரபணுத் தொகுதியில்) நான்கு குறியிடங்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் ஒரே வடிவத்தைக் கொண்டிருந்தார்கள். ஒரே மூதாதை என்ற பக்கமே அது சாய்ந்தது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 2009இல் 40 பெயர்களை ஆராய்ந்தபோது, பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு இந்தப் பகிர்வு கூடியது. ஸ்மித்தில் அது இல்லை என்றே சொல்லலாம்.

மடல் 6

ஓரூற்று என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதனாலேயே அதற்கு வேலி போட விரும்புகிறேன். இன்று ஓரூற்றாகத் தெரிவது தொடக்கத்திலும் ஓரூற்றாக இருந்திருக்க வேண்டியதில்லை.

பெயர் மகன் வழியே இறங்குகிறது. மகன் இல்லாத வீட்டில் பெயர் நிற்கிறது. 1873இல் பிரான்சிஸ் கால்டன் இதைக் கணக்குப் புதிராகப் போட்டார், ஹென்றி வாட்சன் விடை எழுதினார், 1874இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. எல்லாப் பெயர்களும் கடைசியில் அற்றுப்போகும் என்ற வாட்சனின் முடிவு பிழை; சராசரி மகன்கள் ஒன்றுக்கு மேலிருந்தால் தப்பிப் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் சராசரி சரியாக ஒன்று என்று வைத்து, மகன்களின் எண்ணிக்கை பாய்சான் பரவலில் (தற்செயல் நிகழ்வுகளை எண்ணும் நிகழ்தகவு வாய்பாட்டில்) அமைவதாகக் கொண்டால், ஒருவரில் தொடங்கும் ஆண்வழி முதல் தலைமுறையிலேயே அறுந்துபோக 37 விழுக்காடு வாய்ப்பு. ஐந்தாம் தலைமுறைக்குள் 73. பத்தாம் தலைமுறைக்குள் 84. மக்கள்தொகை குறையவே இல்லை என்று கொண்டாலும் இந்த நிலைதான். டார்செட்டிலோ, 1348இல் கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் கரையேறியதே அந்தக் கவுண்டியின் மெல்கம் ரீஜிஸ் துறைமுகம் வழியாக என்பது பழைய வரலாற்றுக் குறிப்பு.

ஆக, ஒரு பெயருக்கு மூன்று ஊற்று இருந்து இரண்டு வற்றியிருந்தால், ஒய் குரோமோசோம் ஒன்றைத்தான் காட்டும். ‘எஞ்சிய ஓரூற்றுப் பெயர்’ என்று மரபணு முடிவுகளுக்கும், ‘ஓரூற்றுப் பெயர்’ என்று ஆவணத்தால் நிறுவப்பட்டவற்றுக்கும் வைப்போம். ஆண்வழி அறுவதற்கு ‘வழியறுதல்’ போதும். ‘வழியற்றுப் போயிற்று’ என்று ஊரில் சொல்வதுதானே.

மடல் 7

தேடுபொறி அமைப்பவர்களுக்காக இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். குடும்பம் தானே விரும்பி எழுதிவரும் மாற்றெழுத்து ஒன்று; எழுத்தரோ பின்னாளில் படியெடுத்தவரோ செய்த பிழை மற்றொன்று. ஒரே குடும்பப்பெயரை எடுத்து ஆராய்வோருக்காக 1979இல் தொடங்கிய ஒருபெயராய்வுச் சங்கத்தினர் இவற்றைக் கண்டிப்பாகப் பிரிக்கிறார்கள். முன்னதை ‘வேறுவடிவம்’, பின்னதைப் ‘பிழைவடிவம்’ எனலாம். ‘திரிபு’ இரண்டுக்கும் பொருந்துவதால் இங்கே பயன்படாது.

கப்பியில் கடைசி ஒலியை ஒய் என்றும், இ-ஒய் என்றும், ஐ-இ என்றும் எழுத முடியும். ஒரு குடும்பம் தலைமுறையாக அப்படியே கையொப்பமிட்டால் அது வேறுவடிவம். முதல் எழுத்தான ஜி-யைச் சி என்று படியெடுத்தால் அது பிழைவடிவம். ஒத்தொலிக்கும் பெயர்களை ஒரே குறியில் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறை இந்தப் பிழையைப் பிடிக்காது, ஏனெனில் அது முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். கப்பிக்கு அதன் குறி ஜி100; சி-யில் தொடங்கினால் சி100 என்று வேறு பெட்டியில் விழும். மறுபுறம் காஃப், கிப் ஆகிய சம்பந்தமில்லாத பெயர்களும் ஜி100 பெட்டிக்குள் வந்து நிறையும். முதலெழுத்தை விட்டுவிட்டு, ஊர்ப்பெயரையும் முன்பெயரையும் வைத்துத் தேடுவதே பலன் தரும்.

மடல் 8

இதுவரை பேசியதை வைத்து வரைவு:

ஊற்றிடம்: ஒரு குடும்பப்பெயர் முதலில் தோன்றக் காரணமான இடம். ஊர்வழிப் பெயருக்கு மட்டுமே ஊரின் பெயரால் குறிக்கலாம். பிறவற்றுக்கு மிகப் பழைய ஆவணச் சான்று உள்ள வட்டாரம்.

செறிவிடம்: குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட நிர்வாக அலகுகளுள், ஒரு பெயரின் செறிவு மடங்கு மிக உயர்ந்த அலகு. ஆண்டும் அலகும் இன்றி எழுதலாகாது.

ஒரு சேர்க்கை. பெயர் தாங்கியோரை எண்ணும்போது பிறப்பால் வந்தவர்களையும் மணத்தால் வந்தவர்களையும் பிரிக்கச் சொல் இல்லை. பாலத் தூண்கள் ஊன்றும் முறைக்கு 1811இல் காப்புரிமை பெற்ற சாரா கப்பி, பிறப்பால் பீச் குடும்பத்தவர். பிரிஸ்டல் வணிகர் சாமுவேல் கப்பியை மணந்து பெயர் மாறியவர். மரபணு ஆய்வுக்கு அவரை எடுத்துக்கொள்ள முடியாது, 1881 போன்ற பட்டியலில் அவரைப் போன்றவர்களை விடவும் முடியாது. ‘பிறப்புவழிப் பெயர்’, ‘மணவழிப் பெயர்’ என்று பிரிக்கலாம்.

மடல் 9

மணவழிப் பெயர் சரி. ‘பொருட்பெயர்வு’ என்ற தலைப்பில் இன்னொன்றும் வேண்டும், ஏனென்றால் முதல் மடலில் மீன் வந்துவிட்டது. ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி டிரினிடாடிலிருந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய மீனுக்கு, ஆல்பர்ட் குந்தர் 1866இல் அவர் பெயரையே வைத்தார். வில்ஹெல்ம் பீட்டர்ஸ் அதே மீனை 1859இலேயே விவரித்திருந்ததால் அறிவியல் பெயர் நிலைக்கவில்லை. பேச்சுப்பெயர் மட்டும் நிலைத்தது. இணையத்தில் இந்தக் குடும்பப்பெயரைத் தேடுபவருக்கு முதல் நூறு முடிவும் மீனாகவே வருவது இதனால்தான். பட்டியலில் ‘குடும்பப்பெயர் பொருட்பெயராதல்’ என்று சேர்த்து, தேடலில் ‘மீன்’, ‘தொட்டி’ இரண்டையும் விலக்கச் சொல்லும் குறிப்பையும் அதன் கீழே எழுதிவிடலாம்.