கரும்பு நிலத்தில் கார்பன் மரம் நட்டால் பின்னாளில் வெட்ட முடியுமா?

டோங்காட்காரன்:
தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்து டோங்காட்டில், அப்பா விட்டுப்போன 18 ஹெக்டேர் இருக்கிறது. ஆற்றோரச் சரிவில் கரும்பு கட்டுப்படியாகவில்லை, 2022 ஏப்ரல் வெள்ளமும் கரையை அறுத்துக்கொண்டு போனது. போன வாரம் ஒரு கார்பன் கம்பெனிக்காரர் வந்து, மொத்த நிலத்திலும் நாட்டு மரங்களை நடுங்கள், மரங்கள் காற்றிலிருந்து இழுக்கும் கார்பனுக்கு 30 வருஷம் பணம் தருகிறோம் என்று ஒப்பந்தத்தை நீட்டினார். அரசு எதற்கெல்லாம் குறுக்கே வரும்? பிறகு என் மகன் மறுபடியும் கரும்பு போட நினைத்தால் முடியுமா? அதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை, எனக்குத் தூக்கமே வரவில்லை.

நாற்றங்கால்:
அண்ணா, இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 1998 தேசிய வனச் சட்டத்தில், பெரும்பாலும் நாட்டு மரங்களாகவும் மேல்கிளைகள் ஒன்றோடொன்று தொட்டும் நிற்கும் மரக்கூட்டம்தான் இயற்கைக் காடு. யார் நட்டது என்ற பேச்சே அந்த விளக்கத்தில் இல்லை. அதற்குள் வந்துவிட்டால் 7ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் ஒரு நாட்டு மரத்தையும் வெட்டக் கூடாது. கட்டைக்கும் பட்டைக்கும் வளர்க்கும் தோப்பு வேறு வகை. கம்பெனிக்காரர் 30 வருஷத்தில் கழன்றுகொள்வார், உரிமம் கேட்டு நிற்கப்போவது உங்கள் மகன்தான்.

வெருலம் வாசி:
தண்ணீரையும் பாருங்கள். வணிகத்துக்காகக் காடு வளர்ப்பது தேசிய நீர்ச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் ஓடை நீரைக் குறைக்கும் செயல், அதற்கு உரிமம் வேண்டும். கார்பன் விற்பதும் வணிகத்தில் சேருமா என்று நடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். அப்புறம் தீ. பக்கத்தில் கரும்பு எரித்தபோது பொறி பறந்து வந்து எங்கள் இரண்டு வருஷக் கன்றுகள் ஒரே மதியத்தில் போய்விட்டன. தொட்டால் தண்டு கையிலேயே உதிர்ந்தது. தீத்தடுப்புக் கோடு வெட்டுவது நிலத்துக்காரர் கடமை, அந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மேட்டுத்தோட்டம்:
சரி, ஆனால் அவரை ஒரேயடியாகப் பயமுறுத்தவும் வேண்டாம். பஃபல்ஸ்ட்ராய் குப்பைமேட்டைச் சுற்றியிருந்த கரும்பு நிலத்தில் டர்பன் நகராட்சி 2008-இல் தொடங்கிய திட்டத்தில் நாட்டு மரங்களை நட்டது, 2010 கால்பந்து உலகக் கோப்பையின் கார்பனை ஈடுகட்டத்தான். கன்றுகளை வளர்த்துக் கொடுத்தது சுற்றுவட்டாரத்து ஏழைக் குடும்பங்கள். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். விலை விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள்: கம்பெனிகள் வெளிவிடும் கார்பனுக்கு அரசு போடும் வரி 2019 ஜூனில் டன்னுக்கு 120 ராண்டில் தொடங்கி 2025-இல் 236 ஆகிவிட்டது. அந்த வரியில் ஒரு பகுதியைக் கட்டாமல், கம்பெனிகள் உங்களைப் போன்றவர்களிடம் கார்பனை வாங்கி ஈடுகட்டலாம்; 2025-இல் அது அவர்கள் உமிழ்வில் 5 அல்லது 10 சதவீதமாக இருந்தது. வந்தவர் சொன்ன விலையை அந்த 236-இன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டோங்காட்காரன்:
அவர் சொன்னது அதில் கால்வாசிகூட இல்லை. ஆற்றோரச் சரிவை மட்டும் மரத்துக்கு விட்டு, மேட்டு நிலத்தைக் கரும்புக்கே வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் அலுவலகத்துக்கு இன்று ராத்திரியே கடிதம் எழுதுகிறேன்.